கடலூர் மணற்கல்லைப் பிரித்துப் புதுப் பெயர் வைக்கலாமா? விவாத இழை

வெள்ளாற்று_மேடு

வணக்கம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள செம்மண் மேட்டில் 1:25,000 அளவில் நிலவியல் படம் போடும் வேலை. பழைய படத்தில் இந்த மேடு முழுக்க ஒரே நிறம், ஒரே பெயர்: கடலூர் மணற்கல். களத்தில் பார்த்தால் கீழே கூழாங்கல் கலந்த முரட்டு மணற்கல், அதற்கு மேல் வெள்ளைக் களிமண் மிகுந்த மணற்கல், அதற்கும் மேல் துருநிறத்தில் இறுகிப்போன மணற்கல், உச்சியில் செம்புராங்கல் என்று நான்கு விதமாகத் தெரிகிறது.

இவற்றை மூன்று ஃபார்மேஷனாக, அதாவது படத்தில் தனித்தனியாக வரையும் பாறை அலகுகளாகப் பிரித்துக் கிராமப் பெயர்களை வைக்கலாமா? விவரணையில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும்? அடுக்குகள் மேலிருந்து கீழ்வரை தெரியும் முழுமையான வெட்டுமுகம் எங்குமே இல்லை. ஓடை அரிப்புகள், கிணறுகள், சாலை வெட்டுகள் மட்டும்தான்.

மட்டக்கோல்

பெயரைப் பிறகு பார்ப்போம். நீங்கள் சொல்லும் வெள்ளை, துரு, செம்புராங்கல் மூன்றும் படிந்த அடுக்குகளா, அல்லது ஒரே மணற்கல் மேலிருந்து கீழாக மக்கியதன் படிகளா? வெப்பமண்டலத்தில் நெடுங்காலம் வெளியில் கிடந்த மணற்கல் இந்த வரிசையில்தான் நிற்கும். உச்சியில் இரும்பு இறுகிய ஓடு, அடுத்து சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த பகுதி, அதன் கீழ் இரும்பு போய் வெளுத்த பகுதி, அதற்கும் கீழே மாறாத பாறை. மக்கல் நிலைகளை ஃபார்மேஷன் என்று வரைந்தால், உங்கள் படத்தில் எல்லைக்கோடு நிலமட்டத்தை ஒட்டியே மேடும் பள்ளமுமாக ஓடும். அடுக்கின் சாய்வோடு ஒத்துப்போகாது.

சோதிப்பது எளிது. ஓர் ஓடை அரிப்பில் இறங்கி ஒரு மெல்லிய களிப்பட்டையையோ கூழாங்கல் வரிசையையோ பிடித்துக்கொள்ளுங்கள். அதை விடாமல் 50, 100 மீட்டர் தொடருங்கள். அந்தப் பட்டை வெள்ளையிலிருந்து துருவுக்குள் நுழைந்தால், அதாவது நிற எல்லை அடுக்கை வெட்டிக்கொண்டு போனால், அது மக்கல் எல்லைதான். நிற எல்லையும் அடுக்கும் பல இடங்களில் இணையாகவே போனால் மட்டும் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இன்னொன்று. வெட்டுமுகம் எழுதும்போது நிறத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள். துகள் அளவு, அடுக்கமைப்பு, கூழாங்கல் சதவீதம் இவற்றை மட்டும் வைத்து ஒரு படம். நிறத்தை வைத்து இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பாறை, எது மக்கல் என்று தெரிந்துவிடும்.

டோபோஷீட்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பெயர் பற்றிய பகுதிக்கு வருகிறேன்.

கடலூர் மணற்கல் என்ற பெயர் 1860களின் தொடக்கத்தில் நிலவியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்டு தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களை ஆய்ந்த காலத்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம்) பிரிவுகளும் அவர் வைத்தவை. அப்போது ஓர் அலகை வரையறுக்கும் மாதிரி வெட்டுமுகம் என்று ஒன்றைக் குறித்துக்காட்டும் வழக்கமே கிடையாது. அந்த விதிகள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவை. இந்தியாவின் அடுக்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு 1971இல் வந்தது. பன்னாட்டு வழிகாட்டியின் முதல் பதிப்பு 1976, இரண்டாம் பதிப்பு 1994. ஆகவே பழைய நூல்களில் 'கடலூர் சீரிஸ்' என்று கண்டால் குழம்ப வேண்டாம். இன்றைய முறையில் சீரிஸ் என்பது காலத்தை வைத்து வரையறுக்கும் அலகு. பாறையை வைத்து வரையறுப்பது பெரியதிலிருந்து சிறியதாக குரூப், ஃபார்மேஷன், மெம்பர், பெட் என்ற வரிசை. உங்கள் அறிக்கையில் சீரிஸ் என்ற சொல்லே வரக்கூடாது, பழைய பெயரை மேற்கோள் காட்டும் இடத்தைத் தவிர.

ஃபார்மேஷன் என்றால் படத்தில் வரையக்கூடியதாக இருக்க வேண்டும், பக்கத்துப் பாறையிலிருந்து கண்ணால் பிரித்தறியக்கூடியதாக இருக்க வேண்டும். இத்தனை மீட்டர் தடிமன் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வயதும் வரையறைக்குள் வராது. மயோசீன், அதற்கு அடுத்து வந்த பிளையோசீன் என்ற இரண்டு நிலவியல் காலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'மயோசீன் மணற்கல் ஒரு ஃபார்மேஷன், பிளையோசீன் மணற்கல் இன்னொரு ஃபார்மேஷன்' என்று எழுதினால், இரண்டும் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றாகவே இருக்கும்போது அடுத்து வருபவர் எதை வைத்துக் கோடு போடுவார்?

பெயரில் ஊர்ப்பெயர் ஒன்று, அதோடு பாறையின் எளிய பெயரோ தரப் பெயரோ. 'கடலூர் மணற்கல்' அல்லது 'கடலூர் ஃபார்மேஷன்'. 'கடலூர் மணற்கல் ஃபார்மேஷன்' என்று இரண்டையும் அடுக்க வேண்டாம். களிக்கல், கூழாங்கல் அடுக்கு எல்லாம் உள்ளே இருப்பதால் எனக்கு ஃபார்மேஷன் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

வெள்ளாற்று_மேடு

நன்றி சார். நிறத்தைத் தனியாகப் பிரித்து மூன்று ஓடைகளின் குறிப்புகளை மறுபடி வரைந்தேன். வெள்ளை–துரு எல்லை ஓரிடத்தில் களிப்பட்டையை நன்றாகவே வெட்டுகிறது. அந்தப் பிரிவைக் கைவிடுகிறேன். ஆனால் அடியில் உள்ள கூழாங்கல் மணற்கல் உண்மையில் வேறு மாதிரி. துகள் முரடு, குறுக்கு அடுக்கு (நீரோட்டத்தில் சாய்வாகப் படிந்த மணல் படலங்கள்) பெரிது, களிப்பட்டைகள் கிட்டத்தட்ட இல்லை. அதற்குப் பெயர் வைக்கலாமா?

மெல்சீவல்

பெயருக்கு முன் அது என்ன மணற்கல் என்று சொல்லுங்கள். 'முரட்டு மணற்கல்' என்பது விவரணை ஆகாது.

துகள் அளவை வென்ட்வொர்த் அளவில் எழுதுங்கள். 0.0625 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை மணல். அதற்குள் 0.125 வரை மிக நுண், 0.25 வரை நுண், 0.5 வரை நடுத்தரம், 1 வரை முரடு, 2 வரை மிக முரடு. களத்தில் ஒப்பீட்டு அட்டையும் பத்து மடங்கு லென்ஸும் போதும். வெறுங்கண்ணால் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு படி கூட்டியே சொல்வார்கள், ஏனென்றால் கண் பெரிய துகளைத்தான் முதலில் பிடிக்கும். சராசரியையும் பெரிய துகளையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இந்த மணற்கல் பல இடங்களில் விரலால் உதிரும். அப்படியானால் சல்லடை போடலாம். கூம்பாகக் குவித்து நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்பகுதிகளை எடுக்கும் முறையில் 100 கிராம் அளவுக்குக் குறையுங்கள். ஆனால் அப்படியே அதிர்வியில் ஏற்றினால் இரண்டு விதத்தில் தப்பு வரும். இரும்புத் துரு நாலைந்து துகளை ஒட்டி ஒரே கட்டியாக வைத்திருக்கும். அது முரட்டுத் துகளாகக் கணக்கில் ஏறும். ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மக்கி உண்டான கயோலின் என்ற வெள்ளைக் களி அடித்தட்டில் விழுந்து, படியும்போதே சேறு இருந்ததுபோலக் காட்டும். முதலாவதற்கு டைதயோனைட்–சிட்ரேட் கரைசலில் இரும்பை நீக்கிக் கழுவி உலர்த்த வேண்டும். இரண்டாவதைச் சல்லடையால் தீர்க்க முடியாது, மெல்சீவல், அதாவது ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய பாறைச் சீவல், வெட்டி நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

மெல்சீவலில் என்ன பார்ப்பது? கயோலின் ஏடு ஏடாக, புழு நெளிந்தமாதிரி அடுக்கி வளர்ந்து, அதன் வெளிவிளிம்பு ஒரு மணல் துகளின் வடிவத்திலேயே இருந்தால் அது செத்துப்போன ஃபெல்ட்ஸ்பார். அதை ஃபெல்ட்ஸ்பார் என்றே எண்ண வேண்டும், 'மாற்றமடைந்தது' என்று தனிக் கட்டத்தில். துகள்களுக்கிடையே ஒழுங்கில்லாமல் பரவி, குவார்ட்ஸ் பொடியும் மைக்காவும் கலந்திருந்தால் அது படிவின்போதே வந்த சேறு. மூன்றாவதாக ஒன்று உண்டு: மெல்லிய பாறைத் துண்டுகள் மேலே ஏறிய பாரத்தில் நசுங்கிச் சேறுபோல வழிந்து நிற்பது. டிக்கின்சன் 1970இல் போலி மேட்ரிக்ஸ் (மேட்ரிக்ஸ் என்றால் துகள்களுக்கிடையே உள்ள சேறு) என்று சொன்னது இதைத்தான். மூன்றையும் ஒன்றாக மேட்ரிக்ஸ் என்று எண்ணிவிட்டால், 15 சதவீத வரம்பைத் தாண்டி நல்ல அரினைட் (சேறு குறைந்த மணற்கல்) எல்லாம் வேக் (சேறு மிகுந்த மணற்கல்) ஆகிவிடும். பிறகு அதை வைத்து 'சேறு கலந்த வெள்ளத்தில் படிந்தது' என்று சூழல் வேறு எழுதுவார்கள்.

குறுக்கடுக்கு

ஃபெல்ட்ஸ்பார் நிறம் ஏற்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமில ஆவியில் காட்டிவிட்டு சோடியம் கோபால்டிநைட்ரைட்டில் தோய்த்தால் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் மஞ்சளாகும். அந்த அமிலம் எலும்புவரை போகும். புகைப்போக்கி, தகுந்த கையுறை, கால்சியம் குளுக்கோனேட் பசை மூன்றும் இல்லாத கூடத்தில் செய்யவே கூடாது.

மெல்சீவல்

ஆமாம். எண்ணிக்கைக்கு வருகிறேன். சீவலின் மேல் சம இடைவெளியில் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் கீழும் எந்தக் கனிமம் என்று எண்ண வேண்டும், ஒரு சீவலுக்கு குறைந்தது 300 புள்ளிகள். 300 புள்ளியில் ஃபெல்ட்ஸ்பார் 20 சதவீதம் வந்தால் அதன் நிச்சயமின்மை கூட்டியோ குறைத்தோ 4.6 சதவீதம். ஆகவே ஒரு மாதிரியில் 18, இன்னொன்றில் 22 என்று வந்ததை வைத்து 'மேல் பகுதியில் ஃபெல்ட்ஸ்பார் கூடுகிறது' என்று எழுதாதீர்கள். புள்ளிகளின் இடைவெளி பெரிய துகளின் அளவைவிடக் கூடுதலாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒரே துகளை இரண்டு மூன்று தடவை எண்ணுவீர்கள். முறை எது என்றும் எழுதுங்கள். காஸி–டிக்கின்சன் முறையில் பாறைத்துண்டுக்குள் இருக்கும் மணலளவுப் படிகத்தை அந்தக் கனிமமாகவே எண்ணுவோம். மரபான முறையில் பாறைத்துண்டு என்று எண்ணுவோம். கிரானைட், நைஸ் துண்டுகள் நிறைந்த முரட்டு மணற்கல்லில் இரண்டு முறைக்கும் விடை வெகுவாக மாறும். முறையைச் சொல்லாமல் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பாறைத்துண்டு விகிதத்தைக் காட்டும் முக்கோணப் படத்தை வேறு எவருடைய படத்தோடும் ஒப்பிட முடியாது.

கூழாங்கல்லை மெல்சீவலில் எண்ணாதீர்கள். களத்திலேயே ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டு நூறு கல் எண்ணுங்கள்: எத்தனை குவார்ட்ஸ், எத்தனை நைஸ், எத்தனை சுண்ணாம்புக்கல் அல்லது கிரெட்டேசியஸ் மணற்கல். கடைசி வகை கிடைத்தால் பொன். கீழே இருந்த அலகு அரிபட்டு மேலே சேர்ந்ததற்கு அதைவிட நேரான சான்று இல்லை.

நீர்த்தாங்கி

தடிமன் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நுழைகிறேன். இந்தப் படுகையில் அடுக்குகள் கடலை நோக்கி மிக மெதுவாகச் சாய்கின்றன. திசைகாட்டியில் உள்ள சாய்வுமானியை வைத்து இதை அளக்க முயல்வதே வீண். கணக்கைப் பாருங்கள். சமதரையில் வெளித்தெரியும் அகலம் 2 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாய்வு 1 பாகை என்றால் தடிமன் 35 மீட்டர். 2 பாகை என்றால் 70 மீட்டர். கருவியின் வாசிப்புப் பிழையே ஒரு பாகை. ஒரே வாசிப்பில் தடிமன் இரட்டிப்பாகிறது.

இதைவிட மோசம், குறுக்கு அடுக்கின் சாய்வை அடுக்கின் சாய்வு என்று எடுத்துக்கொள்வது. முரட்டு மணற்கல்லில் முன்முகப் படலங்கள் 20 பாகைக்கு மேல் சாய்ந்திருப்பது சாதாரணம். அதே 2 கி.மீ.க்கு 20 பாகை போட்டால் 684 மீட்டர் தடிமன் வரும்! சின்ன ஓடை வெட்டில், குறுக்கு அடுக்குத் தொகுதியின் மேல் கீழ் எல்லைகள் இரண்டும் கண்ணில் படாத இடத்தில் இப்படி ஏமாறுவது சுலபம். தொகுதியின் எல்லை தெரியும்வரை மண்ணைச் சுரண்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

சாய்வுக்கு மூன்று புள்ளி முறைதான் சரி. மூன்று ஆழ்துளைகளில் ஒரே அடையாள அடுக்கின் உச்சியைப் பிடியுங்கள், சாம்பல்நிறக் களியோ பழுப்பு நிலக்கரியோ எதுவானாலும். உதாரணமாக முதல் துளையில் அது கடல்மட்டத்துக்குக் கீழே 20 மீட்டரில், 2 கி.மீ. கிழக்கே உள்ள துளையில் 50 மீட்டரில், முதல் துளைக்கு 2 கி.மீ. வடக்கே உள்ளதில் 10 மீட்டரில் கிடைத்தால், கிழக்கே 2,000க்கு 30 இறக்கம், தெற்கே 2,000க்கு 10 இறக்கம். சேர்த்தால் சாய்வு 0.9 பாகை, திசை 108. முக்கியம்: தரையிலிருந்து ஆழத்தைப் போடாமல் கடல்மட்ட உயரத்துக்கு மாற்றிப் போட வேண்டும். கைப்பேசி ஜிபிஎஸ் உயரத்தை நம்பாதீர்கள். 2 கி.மீ. இடைவெளியில் 10 மீட்டர் உயரப் பிழை 0.3 பாகையைக் கொண்டுவரும், அதாவது மொத்தச் சாய்வில் மூன்றில் ஒரு பங்கு.

வெள்ளாற்று_மேடு

ஆழ்துளைப் பதிவுகள் சில உள்ளன, குடிநீருக்காகப் போட்டவை. சேறு சுழற்றித் துளைத்தவை. துகள் மாதிரியும் சிலவற்றில் காமா பதிவும் (துளைச்சுவர்ப் பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளப்பது) இருக்கின்றன. அவற்றை நம்பலாமா?

நீர்த்தாங்கி

நம்பலாம், தெரிந்து நம்ப வேண்டும்.

சேற்றுச் சுழற்சியில் துகள் மேலே வந்து சேர நேரமாகும். அதற்குள் துளைக்கருவி கீழே போயிருக்கும். அதனால் எழுதப்பட்ட ஆழம் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், ஆழம் கூடக் கூடப் பிழையும் கூடும். மேல்சுவரிலிருந்து உதிர்ந்த மணல் கீழ் மாதிரிகளிலும் கலக்கும். ஆகவே ஓர் அலகின் உச்சிக்கு, அந்தப் பாறை முதன்முதலாகத் தோன்றிய ஆழத்தை எடுங்கள். மறைந்த ஆழம் எதற்கும் உதவாது. களி கரைந்து சேற்றோடு போய்விடுவதால் களிப்பட்டைகள் பதிவில் குறைவாகவே இருக்கும்.

காமா பதிவில் இந்தப் பாறைக்கென்றே ஒரு பொறி உண்டு. காமா கூடினால் களி, குறைந்தால் மணல் என்பதுதான் வழக்கமான வாசிப்பு. கயோலின் களியில் பொட்டாசியம் இல்லை. அது மணல்போலக் குறைவாகக் காட்டலாம். பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த மணலோ மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்த மணலோ களிபோல உயர்வாகக் காட்டலாம். மின்தடைப் பதிவையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நன்னீர் நிறைந்த மணலுக்குத் தடை அதிகம், களிக்குக் குறைவு. கடலோரத்துக்குப் போகப்போக உப்புநீர் வந்தால் இதுவும் கைவிடும்.

நெய்வேலிப் பக்கத்துத் தரவு கிடைத்தால் விடாதீர்கள். அங்கே நிலக்கரிக்கு மேலே உள்ள மணற்கல் சுரங்கத்தில் வெட்டித் திறந்து கிடக்கிறது. கீழே அழுத்தத்தில் இருக்கும் நீர்த்தாங்கியை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும் என்பதால் துளைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அங்குள்ள துணைப் பிரிவுகளை உங்கள் மேட்டுக்கு அப்படியே இழுத்து வராதீர்கள். ஆற்றுப் படிவு பக்கவாட்டில் நிலையாக நிற்காது.

டோபோஷீட்

பெயரிடுவதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி: நீங்கள் பார்ப்பது எல்லாமே கடலூர் மணற்கல்தானா?

அரியலூர்ப் பக்கம் நெருங்கும்போது சில்லக்குடி, கள்ளங்குறிச்சி, ஒட்டக்கோயில், கல்லமேடு என்று கிரெட்டேசியஸ் அலகுகள் கீழே வெளிப்படும். இவற்றில் கடல் படிவுகள் சுண்ணம் கலந்தவை. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டினால் நுரைக்கும், சிப்பிகள் கிடைக்கும். அமிலச் சோதனையையும் கண்மூடி நம்ப முடியாது. மேற்பரப்பில் சுண்ணம் கரைந்துபோன கடல் மணற்கல் நுரைக்காது. சுக்கான்கல் ஊறிய கடலூர் மணற்கல் பொங்கும். உடைத்த புது முகத்தில், சிமெண்ட் துகள்களுக்கிடையே சீராக இருக்கிறதா அல்லது வேர்த்துளை, வெடிப்பு ஓரங்களில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லமேடுதான் உண்மையான தொல்லை. அதுவும் நிலத்துப் படிவு, மணலும் களியும், கடல் சிப்பி கிடையாது. டைனோசர் எலும்புத் துண்டு கிடைத்தால் சண்டை முடிந்தது, ஆனால் எல்லா ஓடையிலும் அது கிடைக்காது. இடையில் நின்னியூர் சுண்ணாம்புக்கல் இருக்கும் இடத்தில் பிரிப்பது சுலபம். அது அரிபட்டுப்போன இடத்தில் கடலூர் மணற்கல் நேரே கிரெட்டேசியஸ் மேல் உட்கார்ந்திருக்கும். அங்கேதான் அடிக் கூழாங்கல் அடுக்கை உயிரைக் கொடுத்துத் தேட வேண்டும்.

கல்மரம் கிடைத்தது, ஆகவே கடலூர் மணற்கல் என்று எழுதுகிறவர்களும் உண்டு. திருவக்கரைக் கல்மரங்கள் கடலூர் மணற்கல்லில் இருப்பவை, பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனரா 1781லேயே அவற்றைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் மரம் கிரெட்டேசியஸ் காலத்தது. போதாக்குறைக்கு, கல்மரத் துண்டு உடையாது, கரையாது. ஓர் அலகிலிருந்து அரிபட்டு அடுத்த அலகுக்குள் கூழாங்கல்லாகவே போய்ச் சேரும்.

செம்மண்_முந்திரி

எல்லை தேடுபவர்களுக்கு ஒரு கொசுறு. செயற்கைக்கோள் படத்தில் முந்திரித் தோப்பு தொடரும் இடமெல்லாம் பெரும்பாலும் இந்தச் செம்மண் மேடு. நெல் வயல் தொடங்கும் இடம் வண்டல் அல்லது களி. முதல் கோடு போட உதவும். அதையே கடைசிக் கோடாக வைத்துவிடாதீர்கள், மேட்டிலிருந்து கழுவி வந்த செம்மண் சரிவிலும் முந்திரி நன்றாகவே காய்க்கும்.

மட்டக்கோல்

கூழாங்கல் அலகுக்கு வருவோம். என் கருத்து: ஃபார்மேஷன் வேண்டாம். மெம்பர் ஆக்கலாமா என்பதையே யோசிக்க வேண்டும்.

1:25,000இல் ஒரு மி.மீ. என்பது 25 மீட்டர். 5 மீட்டர் தடிமனுள்ள அடுக்கு 1 பாகை சாய்வில் சமதரையில் 286 மீட்டர் அகலத்துக்கு வெளித்தெரியும். படத்தில் 11 மி.மீ., தாராளமாக வரையலாம். அதே அடுக்கு ஓடைச் சுவரில் 5 மீட்டர் உயரக் கோடுதான், வரைய முடியாது. உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓடைச் சுவர்கள். அவற்றுக்கிடையே அடுக்கு தொடர்கிறதா, அல்லது ஒவ்வொன்றும் தனித்தனிப் பழைய ஆற்று வாய்க்காலின் நிரப்பலா? அடித்தளம் குடைந்து இறங்கி, பக்கவாட்டில் மெலிந்து முடிந்தால் அவை வில்லைகள். வில்லைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டே போனால் ஓடைக்கு ஒரு மெம்பர் ஆகிவிடும்.

டோபோஷீட்

இங்கே நான் மாறுபடுகிறேன். அடிக் கூழாங்கல் அடுக்கு தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும், அது எப்போதும் அன்கன்ஃபார்மிட்டிக்கு (கீழ்ப் பாறை அரிபட்ட பிறகு மேற்படிவு உட்கார்ந்த பரப்புக்கு) நேர் மேலேயே வருகிறது என்றால் அதற்கு மதிப்பு உண்டு. மெம்பர் என்பது ஃபார்மேஷன் முழுக்கப் பரவியிருக்க வேண்டியதில்லை.

மட்டக்கோல்

மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. முறையான பெயர் இல்லாமலே அந்த மதிப்பைக் காட்டலாம் என்கிறேன். 'கடலூர் ஃபார்மேஷனின் அடிக் கூழாங்கல் அலகு' என்று முறைசாராப் பெயரில் படத்தில் புள்ளி நிறத்தில் காட்டுங்கள். தொடர்ச்சி நிரூபணமானதும் பெயர் வையுங்கள். வைத்த பெயரை எடுப்பது, வைப்பதைவிடப் பத்து மடங்கு வேலை. கடலூர், வர்க்கலை, ராஜமகேந்திரவரம் மணற்கற்களை ஒன்றுக்கொன்று இணை என்று பழைய நூல்கள் வரிசையாக எழுதிவைத்தன. மூன்றும் சிவந்த மணற்கல் என்பதே அதில் பெரிய பங்கு வகித்தது. அந்த இணைப்பைச் சரிபார்க்கும் வேலை இன்னும் ஓயவில்லை.

டோபோஷீட்

சரி, முறைசாராப் பெயரோடு தொடங்கட்டும். பிற்பாடு முறைப்படுத்துவதாக இருந்தால் இப்போதே சேகரிக்க வேண்டியவை உண்டு.

மாதிரி வெட்டுமுகம்: அடி எல்லையும் மேல் எல்லையும் குறைந்தது ஓரிடத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் இல்லையென்றால் அடி எல்லைக்கு ஓர் இடம், மேல் எல்லைக்கு ஓர் இடம் என்று தனித்தனியாகக் குறிக்கலாம். வெளிப்பாடு போதாத இடத்தில் துளைக் கோர் (துளையிலிருந்து எடுத்த உருளைப் பாறை) ஒன்றை மாதிரியாக வைக்கவும் வழி உண்டு, அந்தக் கோர் பாதுகாப்பாக வைக்கப்பட்டு மற்றவர்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கிணற்றுச் சுவரைக் கொடுக்காதீர்கள். அடுத்த வருடம் உறை இறக்கிவிடுவார்கள். செம்மண் எடுக்கும் குழியும் அப்படித்தான்.

ஊர்ப்பெயர் டோபோஷீட்டில் (அரசின் நிலவரைபடத் தாளில்) அச்சாகியிருக்க வேண்டும், வேறு அலகுக்கு ஏற்கெனவே வைத்திருக்கக்கூடாது. புதூர், மேலூர் மாதிரிப் பெயர்களைத் தவிருங்கள், மாவட்டத்துக்குப் பத்து உண்டு. எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்து அதையே கடைசிவரை வையுங்கள். ஊட்டத்தூருக்கு ஆங்கிலத்தில் எத்தனை கூட்டல் என்று பழைய கட்டுரைகளைப் புரட்டினால் தெரியும். ஊரின் பெயர் மாறினாலும் அலகின் பெயர் மாறாது. ஆய்வேட்டில் எழுதினால் மட்டும் பெயர் செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட இதழில் விவரணையோடு வெளிவர வேண்டும்.

வெள்ளாற்று_மேடு

இதையெல்லாம் வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்:

'கடலூர் ஃபார்மேஷனின் அடிக் கூழாங்கல் அலகு. செம்பழுப்பு நிற, முரட்டு, ஃபெல்ட்ஸ்பார் கலந்த மணற்கல், ஆங்காங்கே கூழாங்கற்கள். மயோசீன் காலத்தது. தடிமன் சுமார் 6 மீ. குறுக்கு அடுக்கு உண்டு. கீழே கிரெட்டேசியஸ், மேலே கடலூர் மணற்கல். ஆற்றுப் படிவு.'

மெல்சீவல்

'முரட்டு' என்பதை 'முரடு முதல் மிக முரடு, 0.5–2 மி.மீ.' ஆக்குங்கள். ஒரே அளவா கலப்படமா, உருண்டையா கோணலா, இரண்டும் இல்லை. 'ஃபெல்ட்ஸ்பார் கலந்த' என்றால் எவ்வளவு? நிறத்தை மன்செல் நிற அட்டையின் குறியீட்டில், உடைத்த முகம், மக்கிய முகம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஈரமா உலர்ந்ததா என்றும் சொல்லுங்கள், ஈரத்தில் நிறம் கருக்கும்.

குறுக்கடுக்கு

'குறுக்கு அடுக்கு உண்டு' என்பதால் யாருக்கும் பயனில்லை. தாழிவடிவமா தட்டைவடிவமா, தொகுதியின் உயரம் எத்தனை செ.மீ., நீரோட்டத் திசை என்ன, எத்தனை அளவீடுகள். தாழிவடிவத்தில் ஏதோ ஒரு முகத்தின் சாய்வை எடுத்தால் திசை 60, 70 பாகை விலகிப்போகும். தாழியின் அச்சைத்தான் அளக்க வேண்டும். ஓர் இடத்துக்கு இருபது, இருபத்தைந்து அளவீடு இல்லாமல் ரோஜாப் படம் (திசைகளின் பரவலைக் காட்டும் வட்டப் படம்) போடாதீர்கள். அடுக்கின் சாய்வு ஒரு பாகைதான் என்பதால் சாய்வுத் திருத்தம் தேவையில்லை.

மட்டக்கோல்

தடிமன் 'சுமார் 6 மீ.' என்பதற்குப் பதில் குறைந்தது, அதிகம், எந்த வெட்டுமுகத்தில் எவ்வளவு என்று கொடுங்கள். மேல் எல்லையை எதை வைத்துப் போட்டீர்கள் என்பது வரைவில் இல்லவே இல்லை. படிப்படியாக மாறும் எல்லை என்றால் ஒரு விதியை எழுதுங்கள்: 'ஒரு செ.மீ.க்கு மேற்பட்ட கூழாங்கல் அடங்கிய கடைசி அடுக்கின் உச்சி' என்பதுபோல. அடுத்தவர் அதே ஓடையில் நின்று அதே இடத்தில் கை வைக்க வேண்டும். 'மேலே கடலூர் மணற்கல்' என்பதும் பிழை. இதுவே கடலூர் ஃபார்மேஷனின் பகுதி என்று மேலேதானே எழுதினீர்கள்?

டோபோஷீட்

வயதை விவரணையிலிருந்து எடுத்துத் தனிப் பத்தியில் போட்டு, சான்று என்ன என்று எழுதுங்கள். இந்த மணற்கல்லைப் பொதுவாக மயோ-பிளையோசீன் என்று சொல்வார்கள்; நீங்கள் 'மயோசீன்' என்று சுருக்கியதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்? சிவந்த மணற்கல்லில் மகரந்தம் நிலைக்காது, ஆக்சிஜன் தின்றுவிடும். சாம்பல்நிறக் கரிமக் களிப்பட்டை கிடைத்தால், மக்காத ஆழத்திலிருந்து எடுத்து மகரந்த ஆய்வுக்கு அனுப்புங்கள். மணலில் உள்ள சிர்க்கான் என்ற கனிமத் துகளுக்கு வயது போட்டால் அது படிவின் வயது ஆகாது. அந்தச் சிர்க்கானைவிட மணற்கல் இளையது என்று மட்டும்தான் சொல்லும். சுற்றியுள்ள நைஸிலிருந்து வந்த மணலில் பெரும்பாலும் பல நூறு கோடி ஆண்டு எண்கள்தான் வரும். செலவுக்கு முன் யோசியுங்கள்.

'ஆற்றுப் படிவு' என்பதும் விளக்கம், விவரணை அல்ல. கடைசிப் பத்திக்கு அனுப்புங்கள்.

வெள்ளாற்று_மேடு

புரிந்தது. மேல் எல்லைக்குக் கூழாங்கல் விதியையே வைக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: இரண்டு ஓடைகளில் அந்தக் கடைசிக் கூழாங்கல் அடுக்குக்கு மேலே 3 மீட்டர் தள்ளி இன்னொரு கூழாங்கல் வரிசை வருகிறது, ஒரே ஒரு கல் தடிமனில்.

மட்டக்கோல்

அப்படியென்றால் விதியில் தடிமனையும் சதவீதத்தையும் சேருங்கள்: 'குறைந்தது 20 செ.மீ. தடிமனும், பரப்பில் 10 சதவீதத்துக்கு மேல் கூழாங்கல்லும் கொண்ட கடைசி அடுக்கின் உச்சி'. ஒற்றைக்கல் வரிசை மேலுள்ள பகுதியைச் சேரும். அந்த இரண்டு ஓடையின் பதிவிலும் அதைத் தனியாகக் குறித்துவையுங்கள். மற்ற ஓடைகளிலும் அதே மட்டத்தில் கிடைத்தால், அரிப்புப் பரப்பாக இருக்க வாய்ப்புண்டு. அப்போது எல்லையை அங்கே நகர்த்துவதா என்று படத்தோடு இங்கே போடுங்கள், பார்க்கலாம்.